கட்டைவிரல் என்ன செய்கிறது?

சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஹோஸின் வாயிலிருந்து வரும் தண்ணீர் காலடியிலேயே கொட்டுகிறது. மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் அது போதும். மதிலோரத்து முருங்கைக்கு எட்டவில்லை. இழுத்துப் பார்த்தால் ஹோஸ் அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அப்போது யோசனையே இல்லாமல் கட்டைவிரல் ஹோஸின் வாய்க்குப் போகிறது. முக்கால் வாயை அடைத்ததும் தண்ணீர் சீறிக் கிளம்பி முருங்கையின் அடிமரத்தில் போய் அடிக்கிறது.

இந்த வித்தையை யாரும் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. ஹோஸ் கையில் கிடைத்த ஐந்து வயதுப் பிள்ளையும் தானே கண்டுபிடித்துவிடும். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால், "வழி குறுகினால் வேகம் கூடும்" என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வார்கள். பாய்ம இயக்கவியல் படிக்கத் தொடங்கிய பொறியியல் மாணவரும் அதையேதான் கொஞ்சம் இலக்கண சுத்தமாகச் சொல்வார். (பாய்மம் என்றால் பாயக்கூடியது. தண்ணீர், எண்ணெய், காற்று எல்லாம் அதில் அடக்கம்.) அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடிப் போனால், அந்தப் பாடத்தின் அடிப்படைகளில் பலவற்றை வழியிலேயே சந்தித்துவிடலாம்.

ஆறு குறுகும்போது

முதலில் அந்தப் பாதிப் பதிலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. நம் அன்றாட வேலைகளில் அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆகவே நிரம்பி ஓடும் ஒரு பைப்பின் ஒரு முனையில் ஒரு லிட்டர் புகுந்தால், மறுமுனையில் ஒரு லிட்டர் வெளியே வந்தாக வேண்டும். நடுவில் பைப் அகலமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் நிதானமாகவும், ஒடுங்கும் இடத்தில் விரைவாகவும் போனால்தான் கணக்கு நேராகும். இதற்குத் தொடர்ச்சி விதி என்று பெயர்.

காவிரி இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டுகிறது. அகன்று பரந்து வரும் ஆறு, கர்நாடகத்து மேகதாதுவில் பாறை இடுக்குக்குள் நுழைந்ததும் பாய்ச்சல் எடுக்கிறது. ஆடு தாண்டும் அளவுக்கு ஒடுங்கிய இடம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இடுக்கு குறுகல் என்பதற்காக மேலேயிருந்து வரும் ஆறு திரும்பிப் போய்விடாது. வருகிற தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஹோஸுக்கும் ஆற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. விரலை வைத்த பிறகும் முன்பு வந்த அதே அளவு தண்ணீர் ஹோஸில் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேலே இருப்பது தொட்டி. அது பொறுமையாகக் காத்திருக்கும். "வழி குறுகினால் வேகம் கூடும்" என்று சொல்பவர், வரத்து குறையவில்லை என்று தன்னையறியாமல் வைத்துக்கொண்டுவிடுகிறார். குறைகிறதா இல்லையா என்று வாளியைக் கேட்கலாம்.

ஒரு வாளி, ஒரு பாட்டில்

ஹோஸை வாளிக்குள் விட்டு, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். பிறகு வாயின் பெரும்பகுதியை விரலால் அடைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் வெளியே சிதறாமல் அதே வாளியை நிரப்புங்கள். இரண்டாவது முறை நேரம் கூடும். நன்றாக இறுக்கி அடைத்திருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகக்கூட ஆகும். விரல் தண்ணீரின் வரத்தையே குறைத்துவிடுகிறது.

அடுத்த சோதனை இன்னும் அழுத்தமானது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கமாக, பென்சில் பருமனுக்கு ஒரு துளை போடுங்கள். மூடியைக் கழற்றி விட்டு, தண்ணீர் நிரப்பி, நீர்த்தாரை எவ்வளவு தூரத்தில் போய் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது துளையில் பாதியை செல்லோடேப்பால் மறையுங்கள். (விரலால் மறைத்தால் தாரையின் திசை மாறிக் குழப்பும்.) மறுபடி அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். தாரை மெலிந்திருக்கும். தூரமோ கூடியிருக்காது.

வழியைக் குறுக்கினோம், வேகம் கூடவில்லை. குறுகலே வேகத்தைத் தருவதாக இருந்தால் பாட்டிலிலும் தந்திருக்க வேண்டாமா? ஹோஸில் பலித்தது பாட்டிலில் ஏன் பலிக்கவில்லை? எனக்கு இந்தக் கேள்வி, "விரலை வைத்தால் ஏன் பாய்கிறது" என்ற முதல் கேள்வியைவிடப் பிடித்தமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு ஒன்றுதான் தெரிகிறது: ஹோஸுக்கு நீளம் உண்டு, பாட்டில் துளைக்கு இல்லை.

உயரம் தரும் வேகம்

பாட்டில் தாரையின் வேகத்தை நிர்ணயிப்பது எது? துளைக்கு மேலே தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது மட்டும்தான். இத்தாலியரான டாரிசெல்லி, கலிலியோவின் சீடர், 1644-இல் வெளியிட்ட நூலில் இதைச் சொல்லிவிட்டார். நீர்மட்டத்திலிருந்து துளை வரை ஒரு கல் விழுந்தால் என்ன வேகம் எடுக்குமோ, அதே வேகத்தில் தண்ணீர் துளையிலிருந்து வெளியேறும். பெரிய துளை, சிறிய துளை என்ற பேச்சே அதில் இல்லை.

இதோடு இன்னொரு சந்தேகமும் தீர்கிறது. மாடியில் 500 லிட்டர் தொட்டிக்குப் பதில் 2000 லிட்டர் தொட்டி வைத்தால் கீழே தண்ணீர் வேகமாக வரும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள். நீர்மட்டத்தின் உயரம் மாறாதவரை வேகமும் மாறாது. தண்ணீர் அதிக நேரம் வரும், அவ்வளவுதான். மோட்டார் கடையில் "ஹெட் எவ்வளவு?" என்று கேட்பது இந்த உயரத்தைப் பற்றித்தான். பாய்ம இயக்கவியலில் அழுத்தத்தையும், வேகத்தையும், வீணாய்ப் போவதையும் எல்லாம் இந்த ஒரே அளவில், மீட்டர் கணக்கில், பேச முடியும். ஒரே நாணயத்தில் வரவு செலவு எழுதுவதுபோல. 1738-இல் டேனியல் பெர்னூலி வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்து வந்த பெரும் வசதி இது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம், கையில் பிடித்திருக்கும் ஹோஸின் வாயைவிட 7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹோஸ் அரை அங்குலம், உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 20 மீட்டர்.

ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் முழுக்க அடைத்தால் விரல்மேல் எவ்வளவு பாரம்? வாயின் பரப்பு 1.23 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 700 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மெல்லிய நீர்த்தூண் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் ஏறத்தாழ 860 கன சென்டிமீட்டர் தண்ணீர்; 860 கிராம் எடை. ஒரு லிட்டர் பால் பாக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் விரலால் அடைக்க முடிகிறது, ஆனாலும் விரல் வலிக்கிறது.

டாரிசெல்லி சொன்னபடி, 7 மீட்டர் உயரம் தரக்கூடிய வேகம் விநாடிக்கு 11.7 மீட்டர். மணிக்கு 42 கிலோமீட்டர். ஊருக்குள் பைக் போகும் வேகம். திறந்த ஹோஸில் தண்ணீர் அந்த வேகத்தில் வந்தால் 15 லிட்டர் வாளி பத்தரை விநாடியில் நிரம்பிவிடும். எந்த வீட்டிலும் அப்படி நிரம்புவதில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

ஆக, நாம் கேள்வியையே தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். விரல் வைத்தால் தண்ணீர் ஏன் அவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில் அதிசயம் இல்லை. விரல் வைக்காதபோது ஏன் அவ்வளவு மெதுவாக வருகிறது என்பதுதான் புதிர்.

ஒட்டி நிற்கும் தண்ணீர்

சீலிங் ஃபேன் இறக்கையைத் துடைத்திருக்கிறீர்களா? ராப்பகலாகச் சுழலும் இறக்கைமேல், நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுச் சுற்றினாலும் போகாமல், தூசி அடை அடையாகப் படிந்திருக்கும். அவ்வளவு வேகத்திலும் தூசி பறந்துபோகாததற்குக் காரணம் உண்டு. இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டு அதனுடனேயே சுழல்கிறது. அதன் கண்ணோட்டத்தில் அங்கே காற்றே வீசவில்லை. பொடித்தூசி அந்த அமைதிக்குள் பத்திரமாக இருந்துவிடுகிறது.

ஹோஸுக்குள்ளும் இதேதான். உள்சுவரைத் தொடும் தண்ணீர் நகர்வதே இல்லை. அதற்கு அடுத்த படலம் மெல்ல நகர்கிறது. அதற்கடுத்தது சற்று வேகமாக. நடுவில் இருப்பது எல்லாவற்றையும்விட வேகமாக. வேகமாகப் போகும் படலத்தை மெதுவாகப் போகும் படலம் பிடித்து இழுக்கிறது. இந்தப் பிடித்திழுக்கும் குணத்துக்குப் பாகுநிலை என்று பெயர். வெல்லப்பாகில் கரண்டியைச் சுழற்றியவருக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீரில் அது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இத்தோடு நின்றாலும் பரவாயில்லை. மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் ஒரு கண்ணாடிக் குழலில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே மெல்லிய சாய இழை ஒன்றையும் விட்டார். ஓட்டம் மெதுவாக இருந்தவரை இழை நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் இழை நெளிந்து, சிதறி, குழல் முழுக்கக் கலந்துவிட்டது. முதலாவது வரிச்சீர் ஓட்டம். இரண்டாவது சுழற்சி ஓட்டம். எது எப்போது நிகழும் என்பதை வேகம், குழலின் விட்டம், பாகுநிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஓர் எண் சொல்கிறது. அதை ரெனால்ட்ஸ் எண் என்கிறோம். குழாய்களில் அது ஏறத்தாழ 2000-க்குக் கீழே இருந்தால் வரிச்சீர் ஓட்டம். நம் தோட்டத்து ஹோஸில் அது 20,000-ஐத் தாண்டும்.

அதாவது, அமைதியாகத் தெரியும் அந்த ஹோஸுக்குள் தண்ணீர் கணந்தோறும் சுழித்துக்கொண்டும் புரண்டுகொண்டும் வருகிறது. நடுவில் வேகமாக ஓடும் தண்ணீர் சுவரோரத்துக்குத் தள்ளப்படுகிறது. சுவரோரத்துச் சோம்பல் தண்ணீர் நடுவுக்கு வருகிறது. ஒவ்வொரு புரட்டலிலும் கொஞ்சம் வேகம் சுவரிடம் பறிபோகிறது. இந்தச் சுழற்சி ஓட்டத்தில் வேகம் இரு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். இந்த ஒரு வரியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிஜோனின் பொறியாளர்

இந்த இழப்பை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி டார்சி. பிரான்சின் டிஜோன் நகரத்தில் 1803-இல் பிறந்தவர். ஊரில் நல்ல குடிநீர் இல்லாத நிலையில், 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஓர் ஊற்றிலிருந்து, மோட்டாரோ பம்போ இல்லாமல், சரிவை மட்டுமே நம்பி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். 1840-இல் தண்ணீர் வந்து சேர்ந்தது. வெறும் உயரத்தை நம்பி 12 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுவருபவருக்கு, வழியில் எவ்வளவு உயரம் வீணாகும் என்பது ஏட்டுக் கணக்கு அல்ல. பிசகினால் நகரத்துக்குத் தண்ணீர் வராது.

பிறகு அவர் பல பருமனிலும் பல பொருள்களிலும் செய்த குழாய்களை வரிசையாக வைத்துச் சோதித்து, முடிவுகளை 1857-இல் வெளியிட்டார். புதுக் குழாயையும், உள்ளே படிவு ஏறிச் சொரசொரத்துப் போன பழைய குழாயையும் ஒன்றாக எண்ணிக் கணக்கிடக்கூடாது என்பதை அவர் அளந்து காட்டினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். ஜெர்மானியரான வைஸ்பாக் 1845-இல் தந்த வாய்பாட்டோடு டார்சியின் பெயரும் சேர்ந்து, டார்சி–வைஸ்பாக் என்று இன்றும் பொறியியல் பாடத்தில் இருக்கிறது. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்களிடம் அதன் பின்னாலிருந்த இந்தக் குடிநீர்க் கவலையையும் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏழு மீட்டரைப் பங்கு போடுவோம்

நம் வீட்டுக்கு வருவோம். கையில் இருப்பது 7 மீட்டர் உயரம். அதைச் சுவருக்கு ஒரு பங்கு, வேகத்துக்கு ஒரு பங்கு என்று பிரிக்க வேண்டும்.

ஹோஸுக்குள் தண்ணீர் ஏதோ ஒரு வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு ஈடான உயரத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். டார்சி வழியில் கணக்கிட்டால், வழவழப்பான 20 மீட்டர் அரை அங்குல ஹோஸின் சுவர் மட்டும் 40 பங்கைத் தின்கிறது. தொட்டியிலிருந்து வரும் பி.வி.சி. பைப், எல்போக்கள், வால்வு, குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து 7 பங்கு என்று வைப்போம். மொத்தம் 47 பங்கு சுவருக்கு.

முதலில் விரல் இல்லாமல். வெளியே வரும் தண்ணீரின் வேகமும் உள்ளே ஓடும் வேகமும் ஒன்றே; அதற்கு 1 பங்கு. 47-உம் 1-உம் சேர்ந்து 48. ஏழு மீட்டரை 48-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 14.6 சென்டிமீட்டர். ஏழு மீட்டரில் அரையடிகூட வேகத்துக்கு மிஞ்சவில்லை! அரையடி உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு என்ன வேகம் இருக்கும்? விநாடிக்கு 1.7 மீட்டர். இடுப்பு உயரத்தில் கிடைமட்டமாகப் பிடித்தால் முக்கால் மீட்டர் தள்ளிப் போய் விழும். காலடியில் கொட்டுகிறது என்று நாம் சொன்னது இதைத்தான். வாளி நிரம்ப 72 விநாடி.

இப்போது விரலால் முக்கால் வாயை அடைத்து, கால் பங்கை மட்டும் திறந்து வைப்போம். தொடர்ச்சி விதிப்படி, வெளியேறும் வேகம் உள்ளே இருக்கும் வேகத்தைப் போல் 4 மடங்கு. வேகம் 4 மடங்கென்றால் அதற்கான உயரம் 16 மடங்கு. ஆக வேகத்துக்கு 16 பங்கு. சுவருக்கு அதே 47. மொத்தம் 63. ஒரு பங்கு இப்போது 11.1 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது, ஏனென்றால் உள்ளே ஓட்டம் தளர்ந்துவிட்டது. ஆனால் வேகத்தின் கையில் 16 பங்கு இருக்கிறது: 1.78 மீட்டர். விநாடிக்கு 5.9 மீட்டர் வேகம். வாளி நிரம்ப 83 விநாடி.

இன்னும் இறுக்கி, பத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தால்? வேகத்துக்கு 100 பங்கு, சுவருக்கு 47. ஒரு பங்கு 4.76 சென்டிமீட்டர், வேகத்தின் கையில் 4.76 மீட்டர். விநாடிக்கு 9.7 மீட்டர். வாளிக்கு 127 விநாடி. வரத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. வேகமோ ஆறு மடங்குக்கு நெருங்க வந்துவிட்டது. (உண்மையில் விரலின் விளிம்பில் தண்ணீர் உரசிச் சிதறுவதால் இந்த எண்கள் கொஞ்சம் குறையும்.)

"வழி குறுகினால் வேகம் கூடும்" என்பதை மட்டும் நம்பினால், பத்தில் ஒரு பங்கு வாய்க்குப் பத்து மடங்கு வேகம், விநாடிக்கு 17 மீட்டர் வந்திருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு 14 மீட்டருக்கு மேல் உயரத்தில் தொட்டி வேண்டும். நம் தொட்டியோ 7 மீட்டரில் இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் 11.7-ஐத் தாண்டவே முடியாது.

கட்டைவிரல் தண்ணீருக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. ஹோஸுக்குள் ஓட்டத்தைத் தளர்த்துகிறது. ஓட்டம் தளர்ந்தால் சுவர் தின்பது குறைகிறது. மிச்சமான உயரம் அழுத்தமாக ஹோஸின் முனை வரை வந்து, விரல் விட்ட சின்ன இடைவெளியில் வேகமாக மாறுகிறது. பாட்டில் துளைக்கு நீளமே இல்லை. சுவர் எதையும் தின்னவில்லை. எனவே மிச்சப்படுத்தவும் எதுவும் இல்லை.

ஷவரில் நிற்பவர்

மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கிறார். கீழே யாரோ சமையலறைக் குழாயைத் திறக்கிறார்கள். ஷவர் சட்டென்று சோர்ந்துவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் குறையவில்லை, உயரமும் மாறவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரே பைப் தொட்டியிலிருந்து இறங்குகிறது. அதில் ஓட்டம் இரட்டிப்பானால் இழப்பு நான்கு மடங்கு. சமையலறைக்குப் போகும் தண்ணீருக்கான கூலியை ஷவரும் சேர்த்துக் கட்டுகிறது.

இதற்கு மருந்து பெரிய தொட்டி அல்ல, பருமனான பொதுப் பைப். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, அரை அங்குலத்துக்குப் பதில் முக்கால் அங்குலம் போட்டால் இழப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். ஒரு அங்குலம் போட்டால் முப்பதில் ஒரு பங்கு. விட்டத்தில் செய்யும் சிறு தாராளம் இவ்வளவு தூரம் பலன் தருகிறது. வீடு கட்டும்போது இதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், பிறகு பிரஷர் பம்ப் வாங்கும் செலவு பல வீடுகளில் மிச்சமாகும்.

ஓட்டை ஹோஸ்

இவ்வளவும் கணக்கு. ஹோஸுக்குள் அழுத்தம் உண்மையிலேயே இப்படித்தான் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், வெயிலில் கிடந்து வெடித்த பழைய ஹோஸ் ஒன்று போதும்.

வாய் திறந்திருக்கும்போது, குழாய்ப் பக்கத்து வெடிப்பில் தண்ணீர் நன்றாகவே பீச்சும். நடுவில் உள்ளதில் அதைவிடக் குறைவு. வாய்க்குப் பக்கத்தில் உள்ள வெடிப்பில் கசிந்து வழிவதோடு சரி. ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரம் வீதம் சுவர் தின்றுகொண்டே வருவதை, அந்த வெடிப்புகள் வரிசையாக நின்று காட்டுகின்றன. ஹோஸின் முனையை அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருக்கும்.

இப்போது பத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்திருக்கும்படி விரலை வையுங்கள். குழாய்ப் பக்கத்து வெடிப்பில் பெரிய மாற்றம் தெரியாது. நம் கணக்கில் அங்கே 5.5 மீட்டராக இருந்த அழுத்தம் 6.5 ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் வெடிப்பில், ஓரடிக்கும் குறைவாக இருந்த அழுத்தம் 4.8 மீட்டராக எகிறுகிறது. தொளதொளத்த ஹோஸ் கைக்குள் விறைத்துக்கொள்கிறது. அதுவரை சும்மா கசிந்துகொண்டிருந்த அந்த வெடிப்பு, ஹோஸைப் பிடித்திருப்பவரின் முகத்தை நனைத்துவிடுகிறது.